மதுரையில் ஓர் ஆடிஷன் வீடியோ எடுக்க நான் பட்ட பாடு

பிரிட்டனின் பெரும்பாலான இசைக் கல்லூரிகளில் பியானோ படிக்க விண்ணப்பிப்பவர்களுக்கு அக்டோபர் முதல் வாரம்தான் கெடு. நான் வாசிப்பதைப் படம்பிடித்து அனுப்ப வேண்டிய வீடியோவில் ஒரு படைப்புக்குள் எங்கும் வெட்டு இருக்கக் கூடாது. கைகளும் முகமும் தெரிய வேண்டும். ஒரு வருடம் உழைத்திருந்தேன்: பாக்கின் 1722-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து சி மைனர் பிரெலூடும் ஃபியூகும், பீத்தோவனின் ஓபஸ் 31 இரண்டாம் சொனாட்டா, ஷோபானின் ஓபஸ் 10 பன்னிரண்டாம் எட்யூட் (பயிற்சிக்காக எழுதப்பட்ட படைப்பு). வாசிப்பில் பயமில்லை. என்னை அலைக்கழித்தது பியானோதான்.

திருமங்கலத்தில் என் வீட்டில் இருப்பது டிஜிட்டல் பியானோ. நான் விண்ணப்பித்த கல்லூரி அதை ஏற்காது. கோரிப்பாளையம் பக்கம் ஒரு பழைய அரங்கில் அப்ரைட் பியானோ, அதாவது நிமிர்ந்து நிற்கும் கம்பிப் பியானோ, இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆகஸ்ட் கடைசியில் போய்ப் பணம் கட்டினேன். "பியானோ எல்லாம் நன்றாக இருக்கிறது தம்பி" என்றார் எழுத்தர். பார்க்கலாமா என்றேன். சாவி இல்லை, நாளை வா என்றார். மறுநாள் இரண்டு பஸ் மாறிப் போனால், சாவி வைத்திருப்பவர் திண்டுக்கல்லுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்றாம் முறைதான் மூடி திறந்தது. நடுவிலுள்ள சி என்ற சுரத்துக்குக் கீழே நான்கு கட்டைகள் அழுத்தினால் எழவில்லை. சுருதி அரைச்சுரத்தில் பாதி இறங்கிக் கிடந்தது. ஷோபானின் எட்யூடில் இடது கைக்கு ஓய்வே கிடையாது. அமுங்கிய கட்டைகளோடு அதை எப்படி வாசிப்பது? "போன கிறிஸ்துமஸுக்கு வாசித்தார்களே" என்றார் எழுத்தர். பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. தயவுசெய்து, பணம் கட்டும் முன் 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

வயலின்காரர் தம் வாத்தியத்தோடு ஊர் ஊராகப் போகலாம். பியானோக்காரருக்கு ஒவ்வோர் ஊரிலும் முன்பின் பழகாத வாத்தியம் காத்திருக்கும். பியானோ மேதை ஹோரோவிட்ஸ் 1986-இல் மாஸ்கோவில் வாசிக்கப் போனபோது தம் ஸ்டைன்வே பியானோவையே கொண்டுபோனார் என்று படித்தபோது வியந்திருக்கிறேன். அதன் காரணம் அந்த அரங்கில் நின்றபோதுதான் புரிந்தது.

சென்னையிலிருந்து ஒரு ட்யூனர் (பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர்) பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தார். ரயில் செலவும் கூலியும் என் சேமிப்பில் பெரும்பகுதியைத் தின்றன. உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள், எல்லாம் துரு. ஒரே நாளில் வழக்கமான சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு இழுத்தால் பல அறுந்துபோகும், அறாதவையும் சில நாளில் இறங்கிவிடும் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரே வழியும் சொன்னார்: "தனியாகத்தானே வாசிக்கிறாய் தம்பி, கூட வேறு வாத்தியம் இல்லையே. இருக்கும் சுருதியிலேயே கம்பிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறேன்." விதிகளை மறுபடி படித்தேன். எந்தச் சுருதி என்று எங்கும் கேட்கவில்லை. ஈரத்தில் ஊதியிருந்த கட்டைகளை இடுக்கியால் நெகிழ்த்திவிட்டு, மாலைக்குள் முடித்துக்கொடுத்தார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறேன்.

அடுத்த தொல்லை சத்தம். ஆவணி முகூர்த்தம், எதிரே கல்யாண மண்டபம், விடிவதற்கு முன்பே நாகஸ்வரம் ஒலிபெருக்கியில் தொடங்கிவிடும். காவலாளி அண்ணனிடம் கெஞ்சி, இரவு 11 மணிக்கு மேல் உள்ளே போனேன். மின்விசிறி ஒலி பதிவாகும் என்பதால் அதை நிறுத்த வேண்டியிருந்தது. வியர்வையில் விரல் வழுக்கியது. துண்டு கொண்டுபோங்கள், ஒன்று போதாது. பீத்தோவன் ஐந்தாம் முயற்சியில்தான் அமைந்தது. எட்யூடின் கடைசிச் சுரங்கள் பதிவானபோது மணி இரண்டு நாற்பது. இடது கை மரத்திருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது பெயர்ச் சிக்கல். படிப்படியாக எழுதிய பியானோ கிரேடு தேர்வுச் சான்றிதழில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக. இரண்டும் ஒரே ஆள்தானா என்று கல்லூரியிலிருந்து கேள்வி வந்தது. நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி அனுப்பியதில் இரண்டு நாள் போயிற்று. பிள்ளைகளை முதல் கிரேடுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் இருக்கும்படி பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

கெடுவுக்கு மூன்று நாள் முன்பு எல்லாவற்றையும் அனுப்பினேன். அடுத்த சுற்றுக்கு அழைப்பு வந்த அன்று, வீட்டில் சொன்ன கையோடு ட்யூனருக்குத்தான் போன் செய்தேன். கட்டைகள் இப்போது எழுகின்றனவா என்று கேட்டார்.