ஒரு மணியும் ஒரு விகுதியும்

மெய்ப்புத் தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்ட ஒரு வட்டம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வட்டத்துக்குள் ‘ன்’ என்ற ஒற்றை எழுத்து. தென்னாப்பிரிக்காவில் நடந்த லேடிஸ்மித் நகர முற்றுகையைப் பற்றி மாணவர்களுக்கென நான் எழுதிய பாடத்தில், பிரிட்டிஷ் தளபதி ஜார்ஜ் வைட் ‘உத்தரவிட்டார்’. இந்திய ஒப்பந்தக் கூலியான பிரபு சிங் ‘மணி அடித்தான்’.

“ஐயா, இவருக்கு மட்டும் ஏன் இந்த ‘ன்’?” என்று மெய்ப்புப் பார்த்த பெண் கேட்டார்.

“கதாநாயகனை ஒருமையில் சொல்வதுதானே நம் வழக்கம் அம்மா? ‘இராமன் வந்தான்’ என்றுதானே எழுதுகிறோம்?”

“அப்படியானால் வைட் கதாநாயகர் இல்லையா, ஐயா?”

பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். நான் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் எழுதும்போது என் மனத்தில் இராமன் இருந்ததாகச் சத்தியம் செய்யவும் முடியாது. கூலி என்ற சொல்லை எழுதியதுமே கை தானாக ‘ன்’ போட்டிருக்க வேண்டும்.

அந்த மனிதர் செய்த வேலையை நினைத்தால் கூச்சம் கூடுகிறது. 1899 நவம்பர் 2 முதல் 118 நாள், பிரிட்டிஷாரோடு போரிட்ட டச்சு வழிக் குடியேறிகளான போயர்கள், நேட்டால் பகுதியில் இருந்த அந்த நகரைச் சூழ்ந்திருந்தார்கள். சுற்றிலும் குன்றுகள், உம்புல்வானா குன்றின்மேல் ‘லாங் டாம்’ என்ற பெரிய பீரங்கி. முதலில் புகை தெரியும், குண்டு வந்து விழச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில் மரத்தின்மேல் இருந்த பிரபு சிங் மணி அடிப்பார், ஊர் ஓடி ஒளியும் என்று காந்தி தம் தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் எழுதியிருக்கிறார். கிளிப் ஆற்றங்கரையில் மக்கள் வளை தோண்டிப் பதுங்கியிருந்தார்கள். குதிரை இறைச்சியைக் காய்ச்சிய சாறு உணவாயிற்று. குண்டுக்குத் தப்பியவர்களையும் குடற்காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆனால் மணி ஒலித்தபின் பதுங்குவதற்கு எல்லாருக்கும் ஓர் இடம் இருந்தது, அடித்தவரைத் தவிர.

‘அடித்தார்’ என்று திருத்தினேன். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முந்தைய வாக்கியம் விடவில்லை: ‘மரத்தில் ஏறினான்.’ அதை ‘ஏறினார்’ என்று மாற்றினால், தாமே விரும்பிப் போனவர் போல ஆகிவிடுகிறது. கூலி ஒப்பந்தத்தில் இருந்த ஒருவர் மறுத்திருக்கக் கூடுமா? ‘ஏற்றி நிறுத்தப்பட்டார்’ என்று எழுதிப் பார்த்தேன்; அவருடைய துணிவை நானே பிடுங்கிக்கொண்டதுபோல் இருந்தது. கட்டளைக்குப் பணிந்து ஏறியவருக்கும் புகை எழும்போது கை நடுங்காமல் இருந்திருக்கலாமே. இரண்டையும் ஒரே வினைமுற்றில் சொல்லத் தமிழில் வழி உண்டோ இல்லையோ, எனக்கு அகப்படவில்லை.

முற்றுகை நீங்கியபின் இந்திய வைஸ்ராய் கர்சன் அனுப்பிய காஷ்மீர அங்கியை டர்பனில் பொதுக்கூட்டம் கூட்டி அவருக்கு அணிவித்தார்கள். ஒப்பந்தம் முடித்த இந்தியர்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டம் சுமத்திய 3 பவுன் வரி மட்டும் 1914 வரை நீங்கவில்லை. அங்கியைப் பாடத்தில் சேர்த்தேன். வரியை இடமில்லை என்று விட்டேன். இடம் உண்மையிலேயே இல்லைதான். ஆனால் வைட்டின் படைப்பிரிவுகளைப் பட்டியலிட எட்டு வரி இடம் எப்படியோ கிடைத்திருந்தது.

கடைசியில் ஏறியதையும் ஏற்றியதையும் விட்டுவிட்டு, ‘மரத்தின்மேலிருந்து மணி அடித்தார்’ என்று எழுதி அனுப்பினேன். அந்தப் பெண் படித்துவிட்டு ஒரு கோடு கிழித்து ஒப்பமிட்டார், எதுவும் சொல்லவில்லை. திருப்தியா, சலிப்பா என்று நான் கேட்கவும் இல்லை. அச்சாகி வந்த பக்கத்தில் பிரபு சிங் முதல் வாக்கியத்திலேயே மரத்தின்மேல் இருக்கிறார்; யார் அவரை அங்கே அனுப்பினார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது.