கொள்ளிடத்து மணலில் ஒரு கோல்ஃப் லீவு

முதலில் அந்த டாக்ஸி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, திருவையாறு வரைக்கும் 2,600 ரூபாய் என்று பேசி முடித்துத்தான் ஏறினேன். என் பெட்டி, அட்டைப்பெட்டி, தோளில் இருந்த நீளப் பை எல்லாவற்றையும் அவர்தான் டிக்கியில் எடுத்து வைத்தார். வல்லம் வருவதற்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தி, பாதி டீ குடித்தபிறகு, "சார், அந்த நீளப் பைக்குத் தனியா 900 ஆகும்" என்கிறார். ஏன் என்றால், அது ஸ்போர்ட்ஸ் சாமானாம், வெளிநாட்டுச் சாமானாம். வண்டியில் ஏற்றும்போது அது என்ன குழந்தை மாதிரி சுருண்டா கிடந்தது? அப்போதும் நீளமாகத்தானே இருந்தது! அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் தஞ்சாவூரிலேயே இறங்கி, அதுவரைக்கும் 2,000 கொடுத்து அனுப்பினேன். அதுவே அதிகம். வளைகுடாவிலிருந்து வருகிறவன் என்றாலே பையில் பணம் கட்டுக்கட்டாக இருக்கும் என்று நினைப்பவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நான் அபுதாபியில் ஏசி மெக்கானிக். ஒவ்வொரு திர்ஹாமும் கணக்கு.

பழைய பஸ் ஸ்டாண்டில் திருவையாறு டவுன் பஸ் கிடைத்தது. கண்டக்டர் பையைப் பார்த்து லக்கேஜுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார், அது நியாயம், சந்தோஷமாகக் கொடுத்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் நகர்ந்து இடம் விட்டுக்கொண்டே, "நாயனமா தம்பி? ஆராதனை ஜனவரியிலயே முடிஞ்சு போச்சே, இப்ப யாரு வீட்டுல கச்சேரி?" என்று கேட்டார். திருவையாற்றுக்குப் போகிற பஸ்ஸில் நீளமாக எதைத் தூக்கிக்கொண்டு ஏறினாலும் அது வாத்தியம்தான். கோல்ஃப் ஸ்டிக் என்று சொன்னேன். "பணக்காரங்க ஆட்டமாச்சே" என்றார். இந்த ஒரு வார்த்தையைத்தான் ஊரில் இருந்த பதினெட்டு நாளும் எல்லோரிடமும் கேட்டேன், எல்லோரிடமும் மறுத்தேன், இங்கேயும் மறுக்கப்போகிறேன்.

பஸ் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலம் ஏறி இறங்கியது. ஐந்திலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. மே மாசம், கத்திரி வெயில். மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள், ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் இருக்கிற இந்த நாலரை மாசம் டெல்டாவின் ஆறுகள் எல்லாம் மணல்தான். எனக்கு அந்த மணல்தான் வேண்டியிருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். நான் கோல்ஃப் கற்றுக்கொண்டது புல்லில் இல்லை, மணலில். வளைகுடாவில் புல் மைதானம் என்பதே 1988-ல் துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் வந்தபிறகுதான். அதற்கு முன்னால் எண்ணெய்க் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள் பாலைவனத்திலேயே ஆடினார்கள். கம்பு நட்டுப் பாதையைக் குறிப்பார்கள். ஆடுகிறவர் கையில் ஒரு அடி அகலத்துக்குச் செயற்கைப் புல் விரிப்பு இருக்கும். பந்து பாதைக்குள் விழுந்தால் அதை விரிப்பின்மேல் தூக்கி வைத்து அடிக்கலாம், வெளியே விழுந்தால் மணலிலிருந்தே அடிக்க வேண்டும். குழியைச் சுற்றி இருக்கும் பகுதி மற்ற இடங்களில் பச்சையாக இருப்பதால் கிரீன். மணல் மைதானத்தில் அங்கே மணலோடு எண்ணெய் கலந்து கெட்டியாக்கிவிடுவார்கள், அதனால் பிரவுன். ஆடி முடித்ததும் அடுத்து வருகிறவருக்காகக் காலடித் தடத்தைத் துடைப்பத்தால் பெருக்கிவிட்டுப் போக வேண்டும். எனக்கு இந்தக் கடைசி வழக்கம் ரொம்பப் பிடிக்கும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் அப்படிப்பட்ட மைதானத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப்போனார், அன்றிலிருந்து ஒன்பது வருஷம். என் ஏழு ஸ்டிக்கும் செகண்ட் ஹேண்ட், பையோடு 250 திர்ஹாம்.

பணக்கார ஆட்டம் என்று சொல்ல வைப்பது ஆட்டம் இல்லை, புல். பதினெட்டுக் குழி மைதானம் ஒன்று வெயில் காலத்தில் ஒரு நாளைக்குப் பல லட்சம் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கல்லணையில் எந்த ஆற்றுக்கு எத்தனை கன அடி என்று பேப்பரில் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று நகையை அடகு வைத்துவிட்டுக் காத்திருக்கும் ஊரில், புல் மைதானம் வேண்டும் என்று எவனாவது கேட்டால் நானே அவனோடு சண்டைக்குப் போவேன். ஆனால் ஆட்டத்துக்குப் புல் தேவையே இல்லை. 1971-ல் அப்போலோ 14-ல் போன ஆலன் ஷெப்பர்ட் நிலாவிலேயே இரண்டு பந்து அடித்தார். அங்கே புல்லா இருந்தது?

சரி, ஊருக்கு வருவோம். எங்கள் மாமா வீடு திருவையாற்றுக்கு வடக்கே, விளாங்குடிப் பக்கம். அங்கிருந்து திருமானூர் போகிற பாலத்தில் நின்று பார்த்தால் கொள்ளிடம் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடக்கும், அக்கரை மரங்கள் ஒரு கோடு மாதிரித்தான் தெரியும். முதலில் மாமாவின் வயலில்தான் ஆடலாம் என்று நினைத்திருந்தேன். வயலில் கிடை போட்டிருந்தார்கள், ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஆடுகள். "ஆட்டு மேல பந்து பட்டா கீதாரிக்கு யாருடா பதில் சொல்றது?" என்று மாமா கேட்டார். சரியான கேள்வி. அதனால் ஆறு.

மாமா பையன் பிளஸ் டூ முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தான், அவனுக்கு என்னைவிட ஆர்வம். காலை ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம். மணலில் முழங்கை ஆழம் தோண்டியதும் ஊற்று சுரந்தது, அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றி, நாற்றங்காலுக்குப் பரம்பு அடிக்கும் பலகையைக் கொண்டுவந்து இழுத்தான். அரை மணியில் ஒரு வட்டம் சிமெண்ட் தரை மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் இல்லாமல் பிரவுன்! ஒன்பது வருஷம் மணலில் ஆடிய எனக்கு இந்த யோசனை வரவில்லை, நடவு வேலை பார்த்து வளர்ந்தவனுக்கு வந்தது. குழிக்குப் பால் பவுடர் டப்பாவைப் புதைத்தோம். விதிப்படி குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்து அளந்தால் டப்பா 100 இருந்தது. பரவாயில்லை. கொடிக்கு மூங்கில் கழியும் பாட்டியின் சிவப்புப் புடவைத் துண்டும். பாட்டி பந்தைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு "எலுமிச்சம்பழம் கனம் இருக்கு" என்றாள். பந்து 45.93 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. பாட்டியின் கை தராசுதான்.

மூன்று குழி வைத்தோம்: 140 தப்படி, 210 தப்படி, 90 தப்படி. மூன்றையும் மூன்று சுற்று, ஆக ஒன்பது.

இங்கே ஹேண்டிகேப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். குறைந்த தடவை அடித்துப் பந்தைக் குழியில் போடுகிறவர்தான் ஜெயிப்பார். திறமை குறைந்தவர் தன் எண்ணிக்கையிலிருந்து கழித்துக்கொள்ளக் கொடுக்கிற எண்தான் ஹேண்டிகேப். என் ஹேண்டிகேப் 24. அதாவது தேர்ந்த ஆட்டக்காரர் 72 தடவை அடித்து முடிக்கும் மைதானத்தை நான் 96-ஐ ஒட்டி முடிப்பேன். உலகத்தில் கோல்ஃப் ஆடுகிறவர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான், நூறை ஒட்டி. டிவியில் வருகிறவர்கள் வேறு உலகம். புதிதாக ஆடுகிறவருக்கு 54 வரை கொடுக்கலாம் என்று 2020 முதல் உலகம் முழுக்க ஒரே முறை வைத்திருக்கிறார்கள். நான் மாமா பையனுக்கு முழு 54-ஐயும் கொடுத்தேன். எங்களுக்குள் வித்தியாசம் 30, பதினெட்டுக் குழிக்கு. ஒன்பதுக்கு 15. மூன்றாவது நாள் நான் 44 அடித்தேன், அவன் 58. 15 கழித்தால் 43. அவன் ஜெயித்துவிட்டான்! முறைப்படி, சலுகை எதுவும் காட்டாமல் ஜெயித்தான். மூன்றே நாள் பழகியவன் ஒன்பது வருஷம் ஆடியவனோடு மோதி நேர்மையாக ஜெயிக்கிற மாதிரி வேறு எந்த ஆட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது? கிரிக்கெட்டில் உண்டா? அவன் கொடிக் கழியைப் பிடுங்கிக்கொண்டு பாலம் வரைக்கும் ஓடினான்.

பந்து தொலைவதுதான் பெரிய கவலை. வெள்ளை மணலில் வெள்ளைப் பந்து, நாணல் புதர் வேறு. தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிஷம்தான், முன்பு ஐந்து. ஆனால் கொள்ளிடத்தில் விதி பார்த்தால் காசு கரைந்துவிடும், நாங்கள் கிடைக்கும் வரை தேடினோம். கொண்டுபோன 24-ல் ஐந்து போயிற்று. நீங்கள் போனால் ஆரஞ்சுப் பந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மணல் அள்ளிய பள்ளங்கள். ஆள் உயரத்துக்கு, சில இடத்தில் அதற்கும் மேல், எந்த அடையாளமும் இல்லாமல் கிடக்கின்றன. சிலவற்றில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஆற்றை இப்படிக் குதறிப் போட்டிருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் கூட வராமல் இறங்கவே இறங்காதீர்கள். தண்ணீர் திறந்துவிடும் பேச்சு வந்துவிட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வெள்ளக் காலத்தில் காவிரியின் உபரி முழுவதையும் வாங்கிக்கொள்கிற ஆறு இது.

இப்போது மாமா. அறுபத்திரண்டு வயது, நாலு நாள் கரையில் குடையோடு உட்கார்ந்து பார்த்தாரே தவிர ஸ்டிக்கைத் தொடவில்லை. ஐந்தாவது நாள் என் பந்து பாதைக்கு வெளியே, மணலில் பாதி புதைந்து நின்றது. இரண்டு முறை அடித்தும் அங்கேயே கிடந்தது. மணலில் இருந்து அடிக்கிற அடி மற்றதெல்லாம் மாதிரி இல்லை. பந்தைத் தொடவே கூடாது, பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மணலை வெட்ட வேண்டும், மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கென்றே அடிப்பாகம் தடித்த சாண்ட் வெட்ஜ் இருக்கிறது. அதைச் செம்மைப்படுத்திய ஜீன் சாரசன் 1932-ல் அதை வைத்து பிரிட்டிஷ் ஓப்பனையே ஜெயித்தார். இதையெல்லாம் மாமா பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். மாமா எழுந்து வந்தார். "மண்ணைத்தானே வெட்டணும்? அதுக்கு எதுக்குடா இவ்வளவு பேச்சு, இங்க குடு."

வாங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். காலை மணலில் திருகி ஊன்றிக்கொண்டார், யாரும் சொல்லித்தரவில்லை, பயிற்சியாளர்கள் அதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார்கள். மண்வெட்டி ஓங்குகிற மாதிரியே ஓங்கி, பந்துக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் ஒரு வெட்டு. மணல் ஒரு கீற்றாக எழும்பியது, அதன் நடுவில் பந்து, மெதுவாக, உயரமாக, போய் ஈரத் தரையில் விழுந்து கொடிக்கு நாலடி தள்ளி நின்றது. எனக்குக் கை நடுங்கியது. ஒன்பது வருஷமாக இந்த அடிக்காகத்தான் மல்லுக்கட்டுகிறேன். நாற்பது வருஷம் வாய்க்கால் வெட்டி வரப்பு கழித்த தோளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. இன்னொன்று அடியுங்கள் மாமா என்றேன். அடித்தார். பத்துப் பந்து அடித்தார், ஏழு மேலே போயிற்று. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலை நேரத்தை விட நல்ல கோல்ஃபை நான் எந்த மைதானத்திலும் பார்த்ததில்லை.

ஒன்பது மணிக்கு மேல் மணல் சுட ஆரம்பித்துவிடும். தூக்குவாளியில் அத்தை கொடுத்தனுப்பிய பழையது, மோர் விட்டுக் கரைத்தது, கூடவே சின்ன வெங்காயம், மாவடு. பாலத்தின் நிழலில் உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். அந்த மாவடு தண்ணீரை நான் தனியாக வாங்கிக் குடித்தேன். ஆடிக் களைத்த உடம்புக்கு உப்பும் புளிப்பும் குளிர்ச்சியும் ஒன்றாக இறங்கும்போது எந்த ஜூஸும் பக்கத்தில் வராது. சாயங்காலம் திருவையாற்றுக்குப் போய் அசோகா. பாசிப்பருப்பு, நெய், வாழையிலைத் துண்டில் சுடச்சுட. விரலில் நெய் வழிய வழிய இரண்டு முறை வாங்கினேன். ஒரு நாள் கும்பகோணம் போய் இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டதை எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது, அது தனியாக.

செலவு எழுதுகிறேன் என்று சிலரிடம் சொல்லியிருந்தேன். மைதானத்துக்கு ஒன்றும் இல்லை. தொலைந்த ஐந்து பந்தும் பழையவை, ஒன்று நம்மூர்க் காசுக்கு ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்ளலாம். மூங்கில் மாமா தோட்டத்தில் வெட்டியது. பெரிய செலவு விமானத்தில் இந்தப் பைக்குக் கட்டியதும், அந்த டாக்ஸியும்தான். டாக்ஸி பேசும்போது சாமான்களை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுக்காட்டி, "இது எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்" என்று சொல்லி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டு ஏறுங்கள்.

திரும்பும்போது பஸ்ஸில்தான் திருச்சிக்கு வந்தேன். பையில் ஆறு ஸ்டிக்தான் இருந்தது. மாமா வாய் திறந்து கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். சாண்ட் வெட்ஜை நானே கொல்லைப்புறத்தில், மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, பத்துப் பந்தையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.