டாம்பர் வாங்குறதுக்கு முன்னாடி காடிக்கு அடியில படுத்துப் பாருங்க

பினாங்குல சுஸுகி ஜிம்னி ஜீப் வச்சிருக்கிற பசங்க இப்ப அடிக்கடி கேக்குறது, எந்த ஸ்டீரிங் டாம்பர் நல்லது, ஓல்ட் மேன் எமு பிராண்டு போடலாமா இல்ல வேற எதாச்சுமான்னுதான். ஏன் மாத்துறீங்கன்னு நான் திருப்பிக் கேப்பேன். பெரிய டயர் போட்டாச்சு, செம்பனைக் காட்டுல கல்லு மேல ஏறுனா ஸ்டீரிங் கையில வந்து உதைக்குதுன்னா தாராளமா மாத்துங்க, அதுக்குத்தான் அந்த சாமானே இருக்கு. ஆனா பினாங்குப் பாலத்துல 80 கிலோமீட்டர் வேகத்துல போறப்ப ஒரு ஜாயிண்ட்டுல ஏறி இறங்குனதுமே ஸ்டீரிங் தானா படபடன்னு ஆடி, ஸ்பீடு நல்லா குறைச்சாதான் நிக்குதுன்னா தயவு செஞ்சு கடைக்கு ஓடாதீங்க.

டாம்பர்ங்கிறது படுக்க வச்ச ஒரு சின்ன ஷாக் அப்சோபர், அவ்வளவுதான். உள்ள ஆயில் சின்ன ஓட்டை வழியா போறதால வேகமா வர்ற ஆட்டத்த அமுக்கும், ஆனா எங்க லூஸோ அத இறுக்காது. ஜிம்னி மாதிரி முன்னாடி சாலிட் ஆக்ஸில் (ரெண்டு வீலையும் சேக்குற ஒரே தண்டு) இருக்கிற காடியில கிங்பின் பேரிங் (வீல் திரும்புற அச்சுல இருக்கிறது), பேன்ஹார்ட் ராட் புஷ் (ஆக்ஸில பக்கவாட்டுல நகராம புடிக்கிற கம்பியோட ரப்பர்), டை ராட் எண்ட் (வீல திருப்புற கம்பியோட முனை), வீல் பேரிங், இதுல எது தேஞ்சாலும் ஆட்டம் வரும், டயர் பேலன்ஸ் சரியில்லனாலும் வரும். கெட்டி டாம்பர் போட்டா கொஞ்ச நாள் மறைஞ்சிடும், உள்ள தேயறது மட்டும் தேஞ்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் டாம்பரும் போயி மறுபடி வர்றப்ப முன்னவிட மோசமா வரும். பாலத்துல இடது பக்கம் மோட்டார்காரங்க போறாங்க, அத நெனச்சாதான் எனக்கு பயமே.

பிறையில பட்டறை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் எப்பவும் சொல்வாரு, "தம்பி, மொதல்ல ஒரு ஆள ஸ்டீரிங்க லேசா இடதும் வலதுமா ஆட்டச் சொல்லு, நீ அடியில படு." உண்மைதான், பேன்ஹார்ட் போல்ட்டு துளியூண்டு நகர்ந்தாலும் கண்ணுக்கே தெரியும். வீல தூக்கி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டினா கிங்பின் கதை தெரிஞ்சிடும். 2 இஞ்ச் தூக்குன காடியா இருந்தா காஸ்டர், அதாவது வீல் திரும்புற அச்சோட பின்சாய்வு, குறைஞ்சிருக்கும், ஸ்டீரிங் நேரா நிக்காம அலையும், அதுக்கு அந்தச் சாய்வ சரி பண்ற காஸ்டர் புஷ்தான் போடணும், டாம்பர் இல்ல. 2018ல வந்த புது ஜிம்னிக்கு கம்பெனியே டாம்பர் போட்டுத்தான் குடுக்குது, அதனால பலருக்கு உள்ள லூஸ் இருக்கிறதே ரொம்ப லேட்டாத்தான் தெரியுது.

எல்லாம் டைட்டா இருக்கா, இப்ப வாங்குங்க. கேஸ் அடைச்ச டைப்புல ராடு எப்பவும் வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால சில காடி ஒரு பக்கமா இழுக்கும், தினமும் ரோட்டுல ஓடுற காடின்னா எனக்கு சாதா ஆயில் டைப்புதான் புடிக்கும். ரெண்டு டாம்பர் சேத்துப் போடுறாங்க சிலர், ஸ்டீரிங் கனமாகி திரும்பி வரவே சோம்பேறித்தனம் பண்ணும், இந்த சைஸ் காடிக்கு அது வேணாம்லா. மாட்டுனதும் ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, லாக் ஆகுற எடத்துல ஸ்டாப்பர்தான் முட்டணும், டாம்பர் முட்டினா பிராக்கெட்ட மாத்தச் சொல்லிட்டுத்தான் காடிய எடுக்கணும்.