கையெழுத்து எட்டாயிரம், கையில் ஐயாயிரம்

மொட்டைக் கடிதம் என்றாலே என் மாமியாருக்குப் பயம். கல்யாணத்தை நிறுத்த வரும் கடிதங்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். எனக்கு அந்தக் கடிதங்கள்தான் பதினைந்து வருஷம் சோறு போட்டன.

தொண்டு நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கும் ஒரு ஏஜென்சியின் சென்னை அலுவலகத்தில் இருந்தேன். வெளிநாட்டுப் பணம் டெல்லிக்கு வரும், அங்கிருந்து தமிழ்நாட்டில் நாற்பது ஐம்பது சின்ன நிறுவனங்களுக்குப் பிரியும். அவற்றில் ஒன்றைப் பற்றிப் புகார் வந்தால் போய் விசாரிப்பது என் வேலை. விசிட்டிங் கார்டில் பதவியை நீளமாகப் போட்டிருப்பார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா, "ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கா" என்று முடித்துவிடுவாள்.

கடிதம் கைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது தொகையை. "கோடிக்கணக்கில் கொள்ளை" என்று எழுதியிருந்தால் எழுதியவர் வெளியாள். நிலத்தகராறாக இருக்கும், இல்லையென்றால் பஞ்சாயத்துத் தேர்தல் பகை. "ஜூலையில் தையல் மெஷின் 12 வாங்கியதாகக் கணக்கு, வந்து இறங்கியது 7" என்று இருந்தால் உள்ளே இருந்த ஆள். பெரும்பாலும் வேலையை விட்டு அனுப்பப்பட்டவராக இருப்பார். கோபத்தில்தான் எழுதுகிறார், சரி. அதற்காக ஏழு மெஷின் பன்னிரண்டு ஆகிவிடாதே.

நான் தொழில் கற்றது நாகப்பட்டினத்தில். பி.காம். முடித்துவிட்டுத் திருச்சியில் ஓர் ஆடிட்டரிடம் உதவியாளராக இருந்தபோதுதான் 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அப்புறம் நிறுவனங்கள் வந்து குவிந்தன. எந்தக் குப்பத்தில் யார் என்ன கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருங்கிணைக்கவே தனியாக ஒரு மையம் வைக்க வேண்டியிருந்தது. யாரும் தொடாத பழந்துணி மூட்டைகள் ரோட்டோரம் மழையில் ஊறிக் கிடந்தன. கட்டுமரம் போனவருக்கு ஃபைபர் போட் கிடைத்தது, போட்டே இல்லாதவருக்கும் கிடைத்தது. 2005 கடைசியில் எங்கள் கிளையண்ட் கொடுத்த போட்டுகளை எண்ணி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகையில், கூட வந்த பையன் ஒரு போட்டின் பக்கவாட்டில் பைக் சாவியால் சுரண்டினான். எங்கள் கிளையண்டின் பெயர் உதிர்ந்தது. அடியில் இன்னொரு நிறுவனத்தின் பெயர் பளிச்சென்று இருந்தது. "இதுக்கு ரெண்டு தடவை மாலை போட்டாங்கக்கா" என்றான்.

அந்தச் சாவி மாதிரி ஒன்றை ஒவ்வொரு ஃபைலிலும் தேடக் கற்றுக்கொண்டேன். 2016-ஆம் வருஷத் தேதி போட்ட பில்லில் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கும். 33-இல் தொடங்கும் பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டு எண்தான், தவறே இல்லை. என்ன, ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலை 1-இல். ஏப்ரலில் ஒரு பில், ஆகஸ்டில் ஒன்று, ஜனவரியில் ஒன்று, பில் நம்பரோ 112, 113, 114. பாவம், அந்தக் கடைக்கு ஒன்பது மாதமாக வேறு வியாபாரமே இல்லை! மூன்று வருஷத்துக்கு முந்தைய டீசல் பில்லில் எழுத்து கருகருவென்று இருந்தாலும் எனக்கு உறுத்தும். பங்க்கில் தருகிற அந்த வழவழத் தாள் அதற்குள் வெளுத்துப்போயிருக்க வேண்டும். ரொக்கமாக ஐயாயிரத்துக்கு மேல் வாங்கினால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், சில ஃபைல்களில் உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் விலை 4,950 ரூபாய். 2020 மார்ச் 28-இல் அறுபது பேருக்குப் பயிற்சி, மதியச் சாப்பாடு என்று ஒரு வவுச்சர் வந்தது. ஊரடங்கு தொடங்கி நாலாவது நாள் அது. அறுபது இலை போட்ட மெஸ் எது என்று கேட்டேன். அந்த அக்கவுண்டண்ட் சிரித்துவிட்டார், நானும்தான்.

வண்டி நம்பரையும் விடுவதில்லை. பீகார் மாட்டுத்தீவன ஊழலில் மாடுகளை லாரியில் ஏற்றியதாகச் சொன்ன நம்பர்களைத் தோண்டினால் அவற்றில் ஸ்கூட்டர்களும் இருந்தன. எனக்கு அவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் வாய்த்ததில்லை. ஒருமுறை வாடகை வேன் என்று போட்டிருந்த நம்பர் டி.வி.எஸ். 50-ஆக இருந்தது.

இவையெல்லாம் காகிதப் பொய்கள். பிடிக்கும்போது ஒரு சின்னக் குஷி இருக்கும், இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய். நான் எழுத வந்தது காகிதம் சுத்தமாக இருந்த ஒரு கேஸைப் பற்றி.

2014. ஐம்பது பைசா போஸ்ட் கார்டு. "சம்பளத்தில் பாதி போகிறது. பேங்க் புக்கைப் பார்க்கவும்." அவ்வளவுதான், பெயரில்லை. டெல்டா பக்கத்து நிறுவனம், ஊரைச் சொல்லப் போவதில்லை. அங்கே போய் இரண்டு நாள் உட்கார்ந்தேன். கணக்கு அப்படி ஒழுங்கு. வெளிநாட்டுப் பணத்துக்கு ஒரு கணக்கு, உள்ளூர்ப் பணத்துக்கு ஒரு கணக்கு, சட்டம் சொன்னபடி கலக்காமல் வைத்திருந்தார்கள். களப்பணியாளர்கள் பதினான்கு பேர், தலைக்கு 8,000 ரூபாய், எல்லாம் பேங்க் வழியாக. பேங்க் ஸ்டேட்மெண்டில் நிறுவனம் கொடுத்தது தெரியும். வாங்கியவர் என்ன செய்தார் என்பது அதில் தெரியாது. கார்டு சொன்ன பேங்க் புக் நிறுவனத்துடையது இல்லை என்று எனக்கு உறைக்க மூன்றாம் நாள் ஆகிவிட்டது.

ஒவ்வொருவராக பாஸ்புக் கேட்டேன். பாதிப் பேர் மாதக்கணக்கில் என்ட்ரி போடவில்லை. பேங்குக்குப் போய் கியூவில் நின்று போட்டு வந்தார்கள். மேஜையில் பதினான்கையும் விரித்து வைத்தால் ஒரே பாட்டைப் பதினான்கு பேர் பாடுகிற மாதிரி இருந்தது. ஐந்தாம் தேதி 8,000 வரவு. ஆறாம் தேதி ஏடிஎம்மில் 3,000 எடுப்பு. அடுத்த மாதமும் அதேதான். இருபத்தாறு மாதம்.

"இந்த மூவாயிரம்?" என்று ஓர் அனிமேட்டரிடம், அதாவது ஊர் ஊராகப் போய்க் குழுக்களைக் கூட்டி நடத்தும் களப்பணியாளரிடம், கேட்டேன். முப்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு மகளிர் குழுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்களுது இல்ல மேடம். சேரும்போதே சொல்லிட்டாங்க. கையெழுத்து எட்டுக்குப் போடணும், அஞ்சுதான் நமக்கு."

"யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"கட்டாயம்னு இல்ல. எல்லாரும் குடுக்கறாங்க."

அவள் பாஸ்புக்கில் ஜூன் மாதம் மட்டும் ஒரு வரவு கூடுதலாக இருந்தது. பையனின் பள்ளிக் கட்டணத்துக்காகத் தன் குழுவிலேயே நூற்றுக்கு இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தாள். பதினொரு குழுவுக்கும் சேமிப்பைப் பற்றிப் பாடம் எடுப்பவள் அவள்தான்.

மிச்சத்தை அக்கவுண்டண்ட் தானாகவே கொண்டுவந்து கொடுத்தார், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. அதைக் கொடுத்ததும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பல விசாரணைகளில் பார்த்திருக்கிறேன். பதினான்கு பேர், மாதம் 42,000. உள்ளூர்க் கணக்கில் 'பொதுமக்கள் நன்கொடை' என்று ஏறியது, ரசீதில் இருந்ததெல்லாம் எங்கிருந்தோ எடுத்த பெயர்கள். செலவு: அலுவலக வாடகை 8,500. ஆறு ஊர்களில் மாலைநேர வகுப்பு, 15,000. ஜீப் தவணை 11,000. மீதி 7,500-க்கு நேரே ஒரு கோடு மட்டும்.

டைரக்டருக்கு அறுபத்தைந்து வயது. விவசாயக் கூலிகளின் கூலி உயர்வுக்காக ஜெயிலுக்குப் போனவர். ஓட்டு வீடு, வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி. நோட்டைப் பார்த்ததும் அவர் மறுக்கவில்லை.

"வீட்டுக்கு ஒரு ரூபா கொண்டுபோனதில்லம்மா."

"ஏழாயிரத்து ஐந்நூறு எங்கே போச்சு, ஐயா?"

"சனங்களோட நில கேஸுக்கு. வக்கீலுக்கு, குமாஸ்தாவுக்கு. அவன் ரசீது தருவானா?" கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "உங்க பட்ஜெட்ல வாடகைக்கு நேரா என்ன போட்டிருக்கீங்க? 'உள்ளூர் பங்களிப்பு'. இந்த ஊர்ல எனக்கு வாடகை கட்டறவன் யாரும்மா?"

அந்த பட்ஜெட்டைப் பாஸ் செய்த மீட்டிங்கில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாடகை, கரண்ட் பில், அக்கவுண்டண்ட் சம்பளம் இதெல்லாம் 'நிர்வாகச் செலவு', அதற்குப் பணம் தருவது யாருக்கும் பிடிக்காது. ஆடு, தையல் மெஷின், பயிற்சி என்றால் போட்டோ எடுக்கலாம். வாடகையைப் போட்டோ எடுக்க முடியாது. 'உள்ளூர் பங்களிப்பு' என்று எழுதிவிட்டால் கட்டம் நிரம்பிவிடும், எங்கிருந்து வரும் என்று கேட்க மாட்டோம்.

அவர் சொன்னதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஆனாலும் அந்த மனிதர் மேல் வந்த கோபம் போகவில்லை. வக்கீலுக்கு அவர் கொடுத்தது அவர் காசு இல்லை. கூலிக்காக ஜெயிலுக்குப் போனவருக்கு, ஐயாயிரத்தில் குடும்பம் நடத்துகிறவளிடம் மூவாயிரம் எடுப்பது கூலிப் பிடித்தமாகவே தோன்றவில்லை. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ரிப்போர்ட் எழுதினேன். மொத்தம் 10,92,000. அதில் கணக்கில்லாதது 1,95,000. பதினான்கு பேருக்கும் பிடித்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் பரிந்துரையும் எழுதினேன். டெல்லியில் படித்தவர்கள் அந்தப் பக்கத்தில் மட்டும் சிக்கிக்கொண்டார்கள். காகிதப்படி பணியாளர்கள் முழுச் சம்பளம் வாங்கிவிட்டார்கள். நன்கொடை ரசீதில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே அவர்களுக்கு நஷ்டம் இல்லை, நஷ்டம் நமக்குத்தான், கணக்கில்லாததை மட்டும் வசூல் செய்தால் போதும் என்று பதில் வந்தது. டைரக்டர் ஜீப்பை விற்று, குறைந்ததற்குக் கடன் வாங்கி, 1,95,000-ஐக் கட்டினார். அடுத்த தவணைப் பணத்தை நிறுத்தினோம். ஜூனில் ஆறு ஊர் மாலை வகுப்பும் திறக்கவில்லை. பதினான்கு பேருக்கும் வேலை போயிற்று. போஸ்ட் கார்டு எழுதியவர் அவர்களில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறங்கியது. பணம் வாங்க டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில்தான் கணக்கு இருக்க வேண்டும். வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் ஏஜென்சி செய்ததே அந்த ஒன்றைத்தான், அடுத்த வருஷம் சென்னை அலுவலகத்தைப் பூட்டினார்கள். பாதிப் பணத்தை நிர்வாகம் என்று எழுதி காரில் சுற்றியவர்களை நானே பிடித்திருக்கிறேன், அதனால் உச்சவரம்பே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபது என்று படித்ததும் ஞாபகம் வந்தது அந்த நீல நோட்டுதான்.

இப்போது கம்பெனிகளுக்காகச் சரிபார்ப்பு வேலை, நாள் கூலி மாதிரி. லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்ற சட்டத்தால் ஓடும் வண்டி. இதில் நிர்வாகச் செலவுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் கிடையாது. போன வருஷம் ஒரு பள்ளிக் கழிப்பறைக்குப் போனேன். கதவில் ஒரு கம்பெனியின் லோகோ. கதவைச் சாத்திப் பார்த்தால் உள்பக்கம் இன்னொன்று. நாகப்பட்டினத்துப் பையன்தான் நினைவுக்கு வந்தான்.

அந்த வேலைக்குப் போய்த் திரும்பும்போதுதான் திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் "மேடம்" என்று கையைப் பிடித்தாள். அந்த அனிமேட்டர்தான். ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூல் வேலை. அதே ஊர்கள், பழைய குழுப் பெண்கள்தான். பையன் டிப்ளமோ முடித்துவிட்டான். "இப்ப முழுச் சம்பளமும் கைக்கு வருது மேடம்" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தாள். காசு கொடுக்க என்னை விடவில்லை.

டைரக்டர் இறந்துவிட்டதாகச் சொன்னாள். சாவுக்கு எல்லோரும் போயிருந்தார்களாம். பிறகு ஞாபகம் வந்தவள்போல, "அந்தப் பணத்த சார் கட்டினாருல்ல, அது யாருக்குப் போச்சு?" என்று கேட்டாள்.

"எங்க டெல்லி ஆபீஸுக்கு."

"டெல்லிக்கா?" என்று கேட்டுவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னார்குடி பஸ் வந்தது. வசூல் பையை மார்போடு பிடித்துக்கொண்டு ஓடி ஏறினாள்.