பத்து மணிப் பூவும் நாலு மணிப் பூவும்

எங்கள் ஊர்ப் பூக்காட்சியில் பெரிய சண்டை எப்போதும் தேதிக்குத்தான். தையில் வைத்தால் செவ்வந்தி அள்ளும், மல்லி இருக்காது. பனிக்கு மல்லி அரும்பு கட்டாது. பொங்கல் சமயத்தில் கடைத்தெருவில் மல்லி விலை கேட்டுவிட்டுப் பேசாமல் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு திரும்புகிறோமே, அதனால்தான். பங்குனியில் வைத்தால் மல்லி கொட்டும், ஆனால் செவ்வந்தி காய்ந்து சருகாகிவிடும். அதோடு பிள்ளைகளுக்குப் பரீட்சை. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயில் பால்குடம் வேறு. ஊரே அங்கே நிற்கும், இங்கே யார் வருவார்கள்? கடைசியில் மாசி முதல் ஞாயிறு என்று முடிவு செய்தோம். செவ்வந்தி போகிற நேரம், மல்லி வருகிற நேரம். கார்த்திகையிலேயே மல்லிக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து வைத்தவர்கள் வீட்டில் மட்டும் நாலு அரும்பு பார்க்கலாம். அது போதும்.

நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு பூவுக்கும் எண்ணும் பெயரும் போட்டுச் சீட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. தலைவர், செயலாளர் என்று எங்களுக்கு யாரும் கிடையாது. டீக்கடை அண்ணன், மைக்செட் தம்பி, மகளிர் குழுப் பெண்கள், லீவுக்கு வரும் காலேஜ் பிள்ளைகள், அப்புறம் ஒரு மொய் நோட்டு. நன்கொடை எல்லாம் அதில்தான் ஏறும். இருநூறு ரூபாய் கொடுத்தவரும் இரண்டாயிரம் கொடுத்தவரும் அடுத்தடுத்த வரியில் இருப்பார்கள். அதில் ஒருவருக்கு வருத்தம் உண்டு. யார் என்று சொல்ல மாட்டேன்.

இந்த முறை காலேஜ் பிள்ளைகள் ஊட்டி மலர்க் கண்காட்சி வீடியோவைக் காட்டி, "அத்தை, நாமளும் பூவுல ஒரு யானை செய்வோம், எல்லாரும் செல்ஃபி எடுப்பாங்க" என்று ஆரம்பித்தார்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். அங்கே மே மாதத்திலும் பூ நாள்கணக்கில் தாங்கும். இங்கே மாசி வெயிலில் பதினோரு மணிக்கு நம் யானை வத்தல் ஆகிவிடும். அதுவும் எந்தப் பூவில் செய்வது? மதுரையிலிருந்து கிலோ கணக்கில் வாங்கிவந்துதான் செய்ய வேண்டும். அதைப் பார்க்க எங்கள் ஊருக்கு எதற்கு வர வேண்டும், விடிகாலையில் மாட்டுத்தாவணி பூச்சந்தைக்குப் போனாலே போதுமே.

நம் பூக்களைக் காட்ட வேண்டும் என்றால் அவற்றின் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும். நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். ரோஜாவை விடியுமுன் வெட்ட வேண்டும், வெயில் ஏறினால் தலை தொங்கிவிடும். செம்பருத்தி காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும். ஆனால் அந்த ஒரு பகலுக்கு அதற்குத் தண்ணீர்கூட வேண்டாம், தட்டில் ஈர மணல் பரப்பி வைத்தால் போதும். டேபிள் ரோஸ் என்கிற பத்து மணிப் பூ வெயில் பட்டால்தான் கண்ணே திறக்கும். மத்தியானத்துக்கு மேல் மூடிக்கொள்ளும். மல்லி பொழுது சாய்ந்துதான் விரியும். அந்திமந்தாரைக்கு நாலு மணி. இத்தனையையும் காலை பத்து மணிக்கு ஒரே மேசையில் வைத்து மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்? அதனால் எங்கள் காட்சிக்குக் காலைச் சீட்டு, மாலைச் சீட்டு என்று இரண்டு. இரண்டுக்கும் தனித்தனியாக நடுவர் சுற்றிவர வேண்டும். மைக்செட் தம்பிக்கு இரட்டிப்பு வேலை, முணுமுணுத்துக்கொண்டே செய்கிறான்.

இதற்கு, நடுவில் திறந்த முற்றம் உள்ள செட்டிநாட்டு வளவு வீடு மாதிரி தோதான இடம் கிடையாது. வெயில் வேண்டியதை முற்றத்தில் வைக்கலாம், நிழல் வேண்டியதைச் சுற்றுப் பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், தூண்களுக்கு நடுவே வைக்கலாம். டேபிள் ரோஸ் சட்டிகளை வெயில் நகர நகர நகர்த்திக்கொண்டே இருக்க ஒரு பையனை நிறுத்தினோம். ஒன்பதரைக்கு மூடிக் கிடந்தவை, பத்தேகாலுக்கு ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தன. ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு, நடுவில் ஒரு வெள்ளை. நிழலில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு சட்டி மட்டும் கடைசி வரை திறக்கவில்லை. அதன் சொந்தக்காரப் பெண் அந்தப் பையனோடு இன்னும் பேசுவதில்லையாம்.

வீடு கிடைத்த கதை தனி. அது ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள குடும்பங்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் சிங்கப்பூரில். எல்லாரும் சரி என்றால்தான் சாவி. சொன்னார்கள், நிபந்தனைகளோடு. முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பர்மா தேக்குத் தூணில் கயிறு கட்டக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரத் தொட்டியை நேராக வைக்கக் கூடாது. சாக்கு விரித்து அதன் மேல் வைத்தோம். நியாயமான நிபந்தனைகள்தான், அந்தத் தரை கறைபட்டால் லேசில் போகாது. ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி, அறையைத் திறந்து பழைய எனாமல் தூக்கு, கூஜா எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். நீல எனாமல் கூஜாவில் மஞ்சள் செவ்வந்தி நின்ற அழகுக்கு முன்னால் எந்த யானையும் நிற்காது.

அந்த ஆச்சிக்கு எங்கள் மேல் ஒரு குறை. "ஏன்த்தா, எல்லாப் பூவுக்கும் மேசை போடுறீக, எங்க வீட்டுப் பவளமல்லிக்கு என்ன கொறச்சல்?" என்றார். "ஆச்சி, அது புரட்டாசியிலேர்ந்து மார்கழி வரைக்கும் பூக்கிறது, மாசிக்கு எங்கே போறது?" என்றேன். "அப்ப மார்கழியில வைக்க வேண்டியதுதானே" என்று கிளம்பிவிட்டார். மார்கழியில் வைத்தாலும் விடியுமுன் உதிர்ந்துவிடுகிற பூவுக்கு நடுவரை எத்தனை மணிக்கு எழுப்புவது என்று நான் கேட்கவில்லை. ஆச்சியிடம் எதற்கு வம்பு?

நடுவர்கள் இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள். ஒருவர் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் காரைக்குடியில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா. உள்ளூர் ஆளை நடுவராகப் போட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். சீட்டில் எண் மட்டும்தான் வெளியே தெரியும், பெயர் உள்பக்கமாக மடித்துக் குத்தியிருக்கும். தோட்டக்கலை அலுவலர் எட்டி நின்று பூவின் வடிவத்தைப் பார்த்தார், செடியின் உயரத்தைப் பார்த்தார், குறித்துக்கொண்டார். பூக்கடை அக்கா அப்படி இல்லை. செவ்வந்தியின் தலையை விரலால் நிமிர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அடியில் இருக்கும் இதழ்தான் முதலில் பழுப்பேறுமாம். "இது நாலு நாளா நின்ன பூ சார்" என்று ஒன்றை ஒதுக்கினார். அலுவலரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

தொட்டிச் செடிக்கு ஒரு விதி உண்டு: கார்த்திகைக்கு முன்னாலிருந்தே வீட்டில் வளர்த்ததாக இருக்க வேண்டும். நர்சரியில் பூத்த செடியை வாங்கிவந்து நேரே காட்சிக்குக் கொண்டுவருவதைத் தடுக்கத்தான். விதி இருக்கிறதே தவிர யார் வீட்டுக்கும் போய்ப் பார்க்க முடியாது. அன்றைக்குப் பளபளப்பான பீங்கான் தொட்டியில் ஒரு ரோஜா வந்திருந்தது. உள்ளங்கை அகலப் பூ. கூட்டமே அதன் முன்னால்தான். பூக்கடை அக்கா மேல்மண்ணை லேசாகக் கிளறினார். அப்புறம் செடியின் அடித்தண்டைப் பிடித்து மெதுவாக அசைத்து மேலே தூக்கினார். செடி மண்ணோடு ஒரே உருண்டையாக எழும்பிவந்தது, நர்சரியின் கறுப்புக் கவரோடு. கவரைக்கூடக் கிழிக்காமல் அப்படியே தொட்டிக்குள் இறக்கி, மேலே நம்மூர்ச் செம்மண்ணைத் தூவியிருக்கிறார்கள்! "கவரையாவது கழட்டி நட்டிருக்கலாம்ல, வேருக்கு மூச்சு முட்டும்ல" என்றார் அக்கா. கோபமே இல்லை அவர் குரலில், செடிக்காகத்தான் வருத்தப்பட்டார். சீட்டைப் பிரித்துப் பெயர் பார்க்க நாங்கள் விடவில்லை. ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

முதல் பரிசு, துருப்பிடித்த பெயிண்ட் வாளியில் வளர்ந்த ஒரு செவ்வந்திக்கு. எவர்சில்வர் குடம்.

பள்ளிப் பிள்ளைகளின் வேலிப்பூ மேசையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். ஆவாரை, எருக்கு, தும்பை, நெருஞ்சி, பூவரசு என்று பறித்து, அவர்களே பெயர் எழுதி வைத்திருந்தார்கள். தும்பைக்கு ஒரு பாட்டில் மூடி அளவுதான் தண்ணீர், ஆனாலும் நின்றது. "நம்ம மாநிலப் பூ எங்கே?" என்று ஒரு பிள்ளை கேட்டது. செங்காந்தள் மழைக்காலத்தில் வேலியில் ஏறிப் பூத்து முடிந்துவிடும், மாசியில் பூமிக்குள் கிழங்காகத்தான் இருக்கும், அந்தக் கிழங்கு விஷம், தோண்டிக்கொண்டு வந்துவிடாதே என்று சொல்லி வைத்தேன். அரளிக்கும் அதே பயம்தான். அதை மட்டும் எட்டாத உயரத்தில் வைத்தோம்.

மாலைச் சீட்டில் கூட்டம் அதிகம், பூக்கட்டும் போட்டி இருக்கிறதே. வீட்டு மல்லி போதாமல் கடையிலும் வாங்கினோம். கடைக்கு வந்தது மதுரை மல்லி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, அரும்பு தடிமனாக, காம்பு நீளமாக, கட்டுவதற்குச் சுகமாக இருக்கும். எங்கள் செம்மண் மல்லி சின்னது, வாசனையில் மட்டும் விட்டுக்கொடுக்காது. ஆளுக்கு நூறு கிராம் அரும்பு, நனைத்த வாழைநார், கால் மணி நேரம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரை ஒரு சுற்று, கண்ணி போட்டு ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், விட்டால் பூ நழுவும். முழத்துக்கு யார் கையை வைப்பது என்ற தகராறு போன தடவையே வந்ததால் இந்த முறை ஒன்றரை அடிக் குச்சி ஒன்றை வெட்டி வைத்திருந்தோம். முழம் அளந்த பிறகு ஒரு நுனியைப் பிடித்து மூன்று தடவை உதறுவார்கள், உதிர்ந்த பூவுக்கு மார்க் போய்விடும்.

ஒரு பெண் நாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு மின்னலாகக் கட்டினாள். பக்கத்தில் கோயிலுக்கு மாலை கட்டும் பண்டாரம் ஐயா, ஜன்னல் கம்பியில் நாரைக் கட்டிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருந்தார். "சாமிக்குப் போற பூவைக் காலால தொடலாமாம்மா?" என்று கேட்டார். "இது சாமிக்கு இல்ல தாத்தா, எனக்கு" என்றாள் அவள், கையை நிறுத்தாமல். நீளத்தில் அவள் ஜெயித்தாள். உதறியதில் பண்டாரம் ஐயாவுக்கு ஒரு பூகூட விழவில்லை. பரிசைப் பிரித்துக் கொடுத்தோம். கட்டிய பூ எல்லாவற்றையும் ஓலைக் கொட்டான்களில் போட்டு வந்தவர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

அந்திமந்தாரைக்குத்தான் இந்த முறையும் சரியான மேசை அமையவில்லை. கிணற்றடிக்குக் கிணற்றடி முளைத்துக் கிடந்த செடி, இப்போது தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. வந்தது மஞ்சள் ஒரு சட்டி, ரோஸ் ஒரு சட்டி. இரண்டே சட்டிக்கு முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று கொடுத்தால் சிரிப்பார்கள். என் வீட்டில் விதை நிறைய சேர்த்து வைத்திருக்கிறேன், மஞ்சளும் வெள்ளையும். ஆடியில் ஊன்றினால் போதும், சீக்கிரமே பூவுக்கு வந்துவிடும். நடுவில் ஒரு தடவை நுனி கிள்ளிவிட்டால் மாசிக்கும் பூ நிற்கும். வேண்டும் என்கிறவர்கள் சாயங்காலமாக வாருங்கள், நாலு மணிக்கு மேல். எந்தச் செடி என்ன நிறம் என்று பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். கையில் ஒரு டப்பா கொண்டு வாருங்கள்.