140 பவுண்டுக்கு ஒரு பர்மிங்காம் இரட்டைக்குழல்

ஊரில் தாத்தாவிடம் லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் வாங்கி வருவார். அவர் சுட்டுப் பார்த்ததில்லை. எண்ணெய் போட்டுத் துடைப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். குழல்மேல் ‘பர்மிங்காம்’ என்று பொறித்திருக்கும். பிழைப்புக்காக இங்கிலாந்தில் இருக்கும் அதே பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்த பிறகு, அதுபோல் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றியது.

முதலில் ஷாட்கன் சர்டிபிகேட், அதாவது இந்த வகைத் துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீஸ் தரும் அனுமதி. 2024-இல் கட்டணம் 79.50 பவுண்டு, அடுத்த வருடமே 194 ஆக்கிவிட்டார்கள். டாக்டர் சான்று, என்னைத் தெரிந்த ஒருவரின் ஒப்புதல், சுவரோடு போல்ட் போட்ட இரும்பு அலமாரி, வீட்டுக்கு வந்து பார்த்த அதிகாரி என்று ஏழு மாதம் ஓடியது.

அப்புறம் விலை. கடையில் 650 பவுண்டு போட்டிருந்த மாதிரியே இன்னொன்று ஏலத்தில் 150-க்குப் போனதைப் பார்த்துக் குழம்பிப்போனேன். எங்கள் ஷூட்டிங் கிளப் பெரியவர் ஒருவர்தான் விளக்கினார். தோட்டாவுக்குள் இருக்கும் ஈய ரவைக்கு, அதாவது சிறு குண்டுகளுக்கு, தடை வருகிறது. 2025 ஜூலையில் அரசும் மூன்று வருட அவகாசம் கொடுத்து அறிவித்துவிட்டது. பழைய மெல்லிய குழலுக்கு ஸ்டீல் ரவை ஒத்துவராது. பிஸ்மத் என்ற உலோகத்தில் செய்த ரவை ஒத்துவரும், ஆனால் தோட்டா விலை கையைச் சுடும். அதனால் தாத்தா காலத்துத் துப்பாக்கிகளைப் பேரன்கள் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள்; வாங்கத்தான் ஆளில்லை. கடைக்காரர் போட்டிருப்பது அவர் ஆசைப்படும் விலை. ஏலத்தில் சுத்தியல் விழும் விலைதான் விலை.

முதல் ஏலத்தில் ஒன்றைப் பார்த்து மயங்கினேன். பூவேலை, வால்நட் கட்டை, பளபளவென்று கறுப்பேற்றிய குழல். குழலின் உள்விட்டத்தை அளந்தேன், சோதனை முத்திரையில் குத்தியிருந்த .729 அங்குலத்தை விட்டு அதிகம் விலகவில்லை. ‘ப்ரூஃப்’ (சோதனைத் தேர்ச்சி) சரியாக இருக்கிறது என்று நிமிர்ந்தேன். பெரியவர் சுவர்க் கனம் அளக்கும் கருவியைக் கையில் கொடுத்தார். இடது குழலில் ஓரிடத்தில் 16 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. குறைந்தது இருபது தௌ இருந்தால்தான் அவர் தொடுவாராம். யாரோ துருக்குழிகளை வெளியே தேய்த்தெடுத்துப் புதிதாகக் கறுப்பேற்றியிருக்கிறார்கள். 1813 முதல் இங்கே ப்ரூஃப் ஹவுஸ் என்ற துப்பாக்கிச் சோதனைக்கூடம் இருக்கிறது. கனத்த தோட்டா சுட்டுச் சோதித்துத்தான் முத்திரை குத்துவார்கள். ஆனால் பின்னாளில் உள்விட்டம் விரிந்ததா என்பதைத்தான் அந்த முத்திரையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வெளியே தேய்த்தது அதில் தெரியாது. எனக்கு இது புதுச்செய்தி.

நான் கடைசியில் எடுத்தது பார்க்கச் சுமார்தான். ஆன்சன்-டீலி வகைப் பாக்ஸ்லாக் (சுடும் பொறி பெட்டிபோன்ற உடலுக்குள் அடங்கியது), இரண்டரை அங்குலத் தோட்டா அறை, கட்டையின் கழுத்தில் பழைய வெடிப்பு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். ஆனால் மெலிந்த இடத்திலும் 25 தௌ. மூடிய துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் குழலுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. அங்கே ஆட்டம் இருந்தால் சரிசெய்யும் கூலி துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும்.

140-க்குச் சுத்தியல் விழுந்தது. ஏலக் கமிஷன் சேர்த்து 180-ஐத் தொட்டது. என் சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஏழு நாளுக்குள் போலீசுக்கும் தெரிவித்தேன். கமிஷனை முதலிலேயே கணக்கில் எடுக்காதது என் தப்பு.

அந்தப் பூவேலைக்காரி அன்று விற்கவில்லை. மூன்று மாதம் கழித்து மதிப்பீட்டைப் பாதியாக்கி மறுபடி பட்டியலில் போட்டிருந்தார்கள். படம் அப்போதும் அழகாகத்தான் இருந்தது.