லூர்து: நோயாளிகளுக்கு முதல் வரிசை

புதுச்சேரியிலிருந்து வந்திருந்த அத்தை, ஈபிள் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வில்லியனூர் லூர்து மாதா கோயில் கொடியேற்றத்தை வருடா வருடம் தவறவிடாதவர். "அந்த மாதா காட்சி குடுத்த எடத்த முதல்ல காட்டு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார். நாங்கள் இருப்பது துலூஸில். அங்கிருந்து லூர்துக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

பிரனீஸ் மலையடிவாரத்தில் 15,000 பேர்கூட இல்லாத சின்ன ஊர் இது. ஆனால் பிரான்ஸில் பாரிஸுக்கு அடுத்தபடியாக ஓட்டல்கள் அதிகம் உள்ள ஊர் என்று சொல்வார்கள். தெருவில் இறங்கியதும் அது புரிந்துவிடும். இரண்டு பக்கமும் கடைகள்: செபமாலை, சுரூபம், மெழுகுதிரி, மாதா உருவத்திலேயே செய்த பிளாஸ்டிக் பாட்டில். நீலக் கிரீடத்தைத் திருகினால் அதுதான் மூடி. வேளாங்கண்ணிக் கடைத்தெருவைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. அத்தை ஒவ்வொரு கடையிலும் விலை கேட்டார், ஒன்றும் வாங்கவில்லை. திருத்தலத்தின் வாசலைத் தாண்டினால் இந்தச் சந்தடி அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே மரங்கள், பெரிய மைதானம், ஒன்றின் மேல் ஒன்றாக எழும்பிய கோயில்கள், பக்கத்தில் வேகமாக ஓடும் காவ் ஆறு.

மாதா காட்சி கொடுத்த குகையான கெபிக்குப் போவதற்கு முன்னால், காட்சி கண்ட பெர்னதெத் என்ற பெண்ணின் குடும்பம் குடியிருந்த, ஊருக்குள் இருக்கும் 'கஷோ'வைப் பார்த்துவிடுவது நல்லது. பெர்னதெத்தின் அப்பா மாவு ஆலைக்காரர். தொழில் நொடித்து, வாடகை கொடுக்க வழியில்லாமல், கைவிடப்பட்ட பழைய சிறை அறை ஒன்றில் குடும்பம் ஒதுங்கியது. 16 சதுர மீட்டர்தான் இருக்கும். அதில் ஆறு பேர். ஈரச் சுவர், மூத்த பெண்ணுக்கு ஆஸ்துமா, எழுதப் படிக்கத் தெரியாது. 1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்க ஆற்றங்கரைக்குப் போன அந்தப் பதினான்கு வயதுப் பெண்தான் மாசபியேல் பாறைக் குகையில் வெள்ளை உடுத்திய ஒரு பெண்மணியைப் பார்த்ததாகச் சொன்னாள். ஜூலை 16 வரை 18 காட்சிகள். போலீஸ் விசாரித்தது, பங்குச் சாமியார் அதட்டினார். அவள் சொன்னதை மாற்றவே இல்லை. நான்கு வருடம் கழித்து, 1862இல், ஆயர் லொரான்ஸ் காட்சிகளை ஏற்று அறிவித்தார். அத்தை அந்த அறையின் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குள்ள ஆறு பேரா..." என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கெபி நான் நினைத்ததைவிடச் சிறியது. வரிசையில் போய்ப் பாறையைத் தொட்டுக்கொண்டே சுற்றி வருகிறார்கள். லட்சக்கணக்கான கைகள் தடவிப் பாறை வழவழவென்று ஆகிவிட்டது. பின்பக்கம் கண்ணாடிக்குக் கீழே ஊற்று தெரிகிறது. மேலே பாறை மாடத்தில் 1864இல் ஃபாபிஷ் என்ற சிற்பி செதுக்கிய பளிங்குச் சுரூபம். பெர்னதெத்துக்கு அதில் திருப்தி இல்லையாம். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் பார்த்தது இவர் இல்லை என்று சொல்லிவிட்டாள். உலகம் முழுக்க, நம் ஊர்க் கோயில்கள் வரை, லூர்து மாதா என்று வணங்கப்படுவது இந்தச் சுரூபத்தின் சாயல்தான். இதைச் சொன்னபோது அத்தை கொஞ்சம் முறைத்தார்.

நோய் தீரும் என்று நம்பிப் பிடிக்கும் அந்த ஊற்றுத் தண்ணீர் இலவசம். சுவரோரம் வரிசையாகக் குழாய்கள், யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். குடித்தால் சில்லென்று, சுத்தமாக, வெறும் மலைத்தண்ணீர் போலத்தான் இருக்கிறது. அதே 1858இல் துலூஸ் பேராசிரியர் ஃபியோல் இதைச் சோதித்து, சாதாரணக் குடிநீர், நோய் தீர்க்கும் தனிப் பொருள் எதுவும் இதில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். திருத்தலம் இதை மறைப்பதும் இல்லை. 1883 முதல் இங்கே ஒரு மருத்துவ அலுவலகமே இயங்குகிறது. குணமானேன் என்று வருபவரின் பழைய மருத்துவக் குறிப்புகள், பரிசோதனைகள் எல்லாவற்றையும் அலசி, வருடக்கணக்கில் காத்திருந்து, மருத்துவத்தால் விளக்க முடியவில்லை என்றால்தான் மேலே அனுப்புவார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பதிவு செய்தும், இதுவரை திருச்சபை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றவை 70-ஐச் சற்றே தாண்டும். எனக்கு இந்தக் கறார் பிடித்திருந்தது.

அப்படியென்றால் இத்தனை நோயாளிகள் எதற்கு வருகிறார்கள்? மாலை ஐந்து மணிக்கு நற்கருணையை (பூசையில் அர்ச்சித்த அப்பத்தை) ஏந்திப் போகும் பவனியில்தான் அது கொஞ்சம் புரிந்தது. நீலக் கூரை போட்ட மூன்று சக்கர வண்டிகள், சக்கர நாற்காலிகள், படுக்கையோடு வருபவர்கள் என்று எல்லாருமே முன்னால். நடக்க முடிந்த நாங்கள் பின்னால். வண்டி இழுப்பவர்கள் யாரும் கூலிக்கு வந்தவர்கள் அல்ல. சொந்தச் செலவில், விடுமுறை போட்டுவிட்டு வரும் தொண்டர்கள், அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் நிறைய. மூக்கில் குழாயோடு இருந்த ஒரு பாட்டியம்மாவும் வண்டி இழுத்த பையனும் ஏதோ பேசிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். வீட்டில் நோயாளி இருந்தால் விசேஷத்துக்குக்கூடப் பின்னறையில் உட்காரவைத்துப் பழகிய நமக்கு இது புதுசு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்த அத்தையைப் பார்த்து ஒரு தொண்டர் வண்டியைக் காட்டினார். "ஐயோ, எனக்கெதுக்கு? முடியாதவங்களுக்குக் குடுக்கச் சொல்லு" என்று பதறினார் அத்தை. ஐந்து நிமிடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

இரவு ஒன்பது மணிக்கு மெழுகுதிரிப் பவனி. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை தினமும் உண்டு. பல மொழிகளில் செபமாலை சொல்கிறார்கள். "ஆவே, ஆவே" என்று பல்லவி வரும்போது எல்லார் கையும் திரியோடு மேலே போகிறது. காகிதக் கூண்டு இருப்பதால் காற்றில் அணைவதில்லை. எங்கள் பக்கத்தில் நின்ற குடும்பம் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பியது. "நீங்கள் பாண்டிச்சேரியே?" என்று அந்த அம்மா கேட்டார். பாரிஸில் லாச்சப்பல் பக்கம் இருக்கிறார்களாம், பூர்வீகம் யாழ்ப்பாணம். அப்புறம் செபமாலையில் வரும் 'அருள்நிறை மரியே' செபத்தைத் தமிழில்தான் சொன்னோம், சுற்றிலும் இத்தாலியக் கூட்டம்.

ஞாயிறு காலைப் பூசை பத்தாம் பயஸ் பேராலயத்தில். 1958இல் மைதானத்துக்கு அடியில் கட்டியது, 25,000 பேர் கொள்ளும். உண்மையைச் சொன்னால், கான்கிரீட் வாகன நிறுத்துமிடம் மாதிரிதான் எனக்குப் பட்டது. ஆனால் மழையில் நோயாளிகளை நனையவிடாமல் இத்தனை பேருக்கு இடம் கொடுக்க வேறு வழியில்லை. மலைமேல், இயேசு சிலுவை சுமந்த நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக நினைத்துச் செபித்துக்கொண்டே நடக்கும் எஸ்பெலூக் சிலுவைப் பாதை உண்டு, ஆளுயரத்தைவிடப் பெரிய வார்ப்பு உருவங்கள், ஒன்றரை கிலோமீட்டர் ஏற்றம். அதை நான் தனியாக ஏறி முடித்தேன். அத்தை ஆற்றங்கரைப் புல்வெளியில், நடக்க முடியாதவர்களுக்கென்றே சமதரையில் அமைத்த பளிங்குச் சிலுவைப் பாதையைச் செய்தார்.

மதியம் சாப்பிடும்போது, "அந்தப் பொண்ணு கல்லற எங்க?" என்றார். இங்கே இல்லை. 1866இல் நெவேர் நகரத்துக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவள் பிறகு லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1879இல், 35 வயதில், நெடுநாள் நோயில் இறந்தாள். அந்த ஊற்று தனக்கானது இல்லை என்றாளாம். அத்தை கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார். "அப்ப நெவேருக்கு டிக்கெட் எவ்ளோன்னு பாரு" என்றார்.

ரயிலுக்கு முன்னால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று வாங்கி நிரப்பினோம். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெட்டியில் போட்டால் எடை கூடும் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும், நாங்கள் வாங்கிக் கொடுத்திருந்த கம்பளிக் கோட்டை அத்தை பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தார். பாண்டிச்சேரியில் அது எதற்கு என்று கேட்டார், நியாயம்தான்.